நெறி கட்டினால் பயப்படணுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மண்ணீரலைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. பள்ளிகொண்டாவில் ஆரம்பித்து ஆற்காடு வரை பழைய வடஆற்காடு மாவட்டமே எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் போட இடம் இல்லை, ஏழு மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

காலில் ஆணி குத்தியது. இரண்டு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது. புண் இருப்பது பாதத்தில், வீக்கம் ஏன் மேலே வருகிறது? (பள்ளிகொண்டா வாசகர்)

பாதத்திலிருந்து வடியும் நிணநீரில் பெரும்பகுதி முதலில் போய்ச் சேருகிற நிணநீர்க்கணு அங்கேதான் இருக்கிறது. கிருமியின் துண்டுகள் அங்கே வந்ததும் உள்ளே இருக்கும் செல்கள் மளமளவென்று பெருகும், கணு உப்பும், அதைத்தான் நெறி என்கிறோம். புண் ஆறினால் தானாக வடிந்துவிடும். எண்ணெய் போட்டு நீவாதீர்கள். டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். கழுத்திலோ அக்குளிலோ காரணமே தெரியாமல் நெறி வந்து மூன்று வாரம் ஆகியும் வற்றவில்லை, கூடவே சாயங்கால ஜுரம், எடை குறைகிறது என்றால் அது வேறு கதை. நம் பக்கத்தில் காசநோய் நெறியாகவும் வரும், ஊசி வைத்து உறிஞ்சிப் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

நான் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் சார். டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் ஜீனை ஆன் செய்யும் என்று படித்திருக்கிறோம். அதில் பழுது வந்தால் நிணநீர்க்கணுவே உருவாகாது என்று எங்கள் மேடம் சொன்னார்கள். ஒரு புரதத்துக்கும் ஓர் உறுப்பின் அமைப்புக்கும் என்ன சம்பந்தம்? (வேலூர் மாணவர்)

உங்கள் மேடம் சொன்னது சரிதான் தம்பி. ஜீனை ஆன் செய்யும் என்று ஒரு வரியில் முடித்துவிடுவதால்தான் குழப்பம். எந்த ஜீன், எந்த செல்லில், கருவிலா வளர்ந்த பிறகா என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் பிடிபடும்.

முதலில் அமைப்பைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி வாங்கினால் வாணலியில் போடுவதற்கு முன் குறுக்கே ஒரு வெட்டு வெட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். கருஞ்சிவப்புக்கு நடுவே வெளுத்த சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அதுதான் ஆட்டு மண்ணீரலின் வெண்கூழ். சிவப்பு முழுக்க ரத்தத்தை வடிகட்டுகிற பகுதி, நோய் எதிர்ப்பு வேலை இந்த வெள்ளைப் புள்ளிகளில். ஒரு புள்ளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நடுவில் குட்டித் தமனி, அதைச் சுற்றி டி செல்கள் (பி செல்லுக்கு உதவுகிறவை), ஒட்டினாற்போல வட்டமாக பி செல்கள் (கிருமியைப் பிடிக்கிற ஆன்டிபாடியைச் செய்கிறவை), வெளி விளிம்பில் ஓர் ஓரப் பகுதி என்று அவரவர் இடத்தில் அவரவர் இருப்பார்கள். ரத்தத்தில் கலந்து ஓடுகிற செல்கள் இங்கே வந்ததும் எப்படிப் பிரிந்து உட்காருகின்றன? அங்கேயே நிலையாக இருக்கிற சட்டகச் செல்கள் வாசனை காட்டுவது மாதிரி சில ரசாயனங்களைச் சுரக்கின்றன. சி.எக்ஸ்.சி.எல்.13 என்பது பி செல்லை இழுக்கும், சி.சி.எல்.21 டி செல்லை இழுக்கும்.

இப்போது உங்கள் புரதத்துக்கு வருவோம். அந்த ரசாயனங்களுக்கான ஜீன்களை சட்டகச் செல்லுக்குள் இயக்குவது என்.எஃப்.கப்பா பி என்ற குடும்பம். 1986-ல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் பி செல்லில் ஆன்டிபாடியின் கப்பா சங்கிலி ஜீன் எப்படி இயங்குகிறது என்று தேடியபோது கண்டுபிடித்தது, பெயரில் அந்தக் கப்பா அப்படியே நின்றுவிட்டது. இந்தக் குடும்பத்தில் ஐந்து பேர்: ரெல்-ஏ, ரெல்-பி, சி-ரெல், பி50, பி52. இவர்கள் இரண்டு வழியில் வேலை செய்கிறார்கள். ஒன்று அவசர வழி, கிருமியைக் கண்ட சில நிமிஷத்தில் நியூக்ளியஸுக்குள் போய்விடும். இன்னொன்று நிதான வழி, மணிக்கணக்கில் ஆகும். லிம்ஃபோடாக்ஸின் என்ற சமிக்ஞை வந்து சட்டகச் செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் ஏற்பியைத் தொட வேண்டும், உள்ளே நிக் என்ற நொதி சேர வேண்டும், பி100 என்ற நீளமான புரதம் வெட்டுப்பட்டு பி52 ஆக வேண்டும், அது ரெல்-பியோடு ஜோடி சேர்ந்து டி.என்.ஏ. மேல் போய் உட்கார வேண்டும். உறுப்பைக் கட்டுவதில் பெரும்பங்கு இந்த நிதான வழிக்குத்தான்.

எலிகளில் இந்தச் சங்கிலியை ஒவ்வோர் இடமாக அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1994-ல் லிம்ஃபோடாக்ஸின் ஆல்ஃபா இல்லாத எலியை உருவாக்கினார்கள், நிணநீர்க்கணுக்களும் குடலில் இருக்கும் பேயர் திட்டுகளும் இல்லாமலே அது பிறந்தது, மண்ணீரலில் டி, பி என்ற பிரிவினையும் கலைந்து கிடந்தது. அதே ஆண்டு ஜப்பானில் இயற்கையாகவே நிணநீர்க்கணு இல்லாத ஓர் எலி வம்சத்தைப் பற்றி எழுதினார்கள், 1999-ல் பார்த்தால் அதில் பழுதானது நிக் ஜீன். இன்னும் சுவாரஸ்யம் என்னவென்றால், லிம்ஃபோடாக்ஸின் இல்லாத எலிக்கு நல்ல எலியின் எலும்பு மஜ்ஜையை (ரத்தத்தில் ஓடுகிற செல்கள் பிறக்கிற இடம் அது) ஏற்றினால் மண்ணீரலின் அமைப்பு ஓரளவு தேறுகிறது, நிணநீர்க்கணு மட்டும் வரவே வராது. அது கருவில் இருக்கும்போது நடந்திருக்க வேண்டிய வேலை, காலம் தாண்டினால் போனது போனதுதான். பி52-க்கான ஜீன் இல்லாத எலியிலோ பழுது சட்டகச் செல்லிலேயே இருக்கிறது, மஜ்ஜை மாற்றி அதைச் சரிக்கட்ட முடியாது. பழுது வந்துபோகிற செல்லிலா, நிலையாக இருக்கிற செல்லிலா என்று பிரித்துப் பார்த்த இந்தச் சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பரீட்சையில் கேட்டாலும் கேட்பார்கள்.

சரி, இடம் கலைந்தால் ஆன்டிபாடிக்கு என்ன? செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? விற்கிறவரும் தரகரும் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், படியவில்லை என்றால் அடுத்த ஆளிடம் போவார்கள். மாடும் இருக்கிறது, காசோடு ஆளும் இருக்கிறார், ஆனால் அந்த மைதானம் இல்லை என்றால் விரலைப் பிடிப்பது எங்கே? பி செல்லுக்கும் டி செல்லுக்கும் அந்த மைதானம்தான் ஜெர்மினல் சென்டர். 1880-களில் வால்தர் ஃப்ளெமிங் இதைப் பார்த்துப் பெயர் வைத்தார். இதற்குள் நுழைகிற பி செல்லில் பி.சி.எல்.6 என்ற புரதம் இயங்க வேண்டும். அது ஜீன்களை அணைக்கிற வகை. டி.என்.ஏ. உடைந்தால் செல் கூப்பாடு போடுமே, அதை அடக்கி வைக்கும். ஏன் அடக்க வேண்டும்? ஏனென்றால் உள்ளே எய்ட் என்ற நொதி (1999-ல் ஹோன்ஜோ குழு கண்டுபிடித்தது) ஆன்டிபாடி ஜீனில் வேண்டுமென்றே எழுத்துப் பிழைகளைப் போடுகிறது, சாதாரணமாக நடப்பதைவிட ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு வேகத்தில். பெரும்பாலான பிழைகள் உதவாது. அந்தச் செல்கள் டி செல்லின் உதவி கிடைக்காமல் செத்துப்போகும், அவற்றை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்களின் வயிற்றில் கறுப்புத் துணுக்குகள் கிடப்பதை நல்ல ஸ்லைடில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இறுக்கமாகப் பிடிக்கிற ஆன்டிபாடி யாருக்கு வாய்த்ததோ அவர்கள் பிழைப்பார்கள். பிழைத்தவர்களில் சிலரிடம் பிளிம்ப்-1 என்ற இன்னொரு புரதம் தலைதூக்கி பி.சி.எல்.6-ஐ அணைத்துவிடும். இருவரும் ஒருவரையொருவர் அடக்குகிறவர்கள், ஒரே செல்லில் இரண்டு பேரும் சேர்ந்து ஆள முடியாது. அப்புறம் எக்ஸ்.பி.பி.1 வந்து செல்லின் சுரப்பு இயந்திரத்தைப் பெருக்கும், அந்தச் செல் பிளாஸ்மா செல்லாகி விநாடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடியைக் கொட்டும்.

பி.சி.எல்.6 இல்லாத எலியில் ஜெர்மினல் சென்டர் வராது என்று 1997-ல் தெரிந்தது. அதே வருஷம் பி.சி.எல்.3 இல்லாத எலியைப் பற்றியும் வந்தது. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், பி.சி.எல்.3 என்பது பி50, பி52 இவர்களோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற துணைப் புரதம். அந்த எலியின் ரத்தத்தில் மொத்த ஆன்டிபாடி அளவு சரியாகத்தான் இருந்தது, ஆனால் ஜெர்மினல் சென்டர் சரியாக வரவில்லை, புதிதாக வந்த கிருமியைக் குறிவைத்து ஆன்டிபாடி செய்ய முடியவில்லை, டாக்ஸோபிளாஸ்மா தொற்றைத் தாங்காமல் செத்தது. மொத்த அளவைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் இது.

என் மகனுக்கு எட்டு வயது. ரத்தச் சிவப்பணு உருண்டையாகி உடைகிற பரம்பரைக் கோளாறுக்காக மண்ணீரலை எடுக்கப்போகிறார்கள். முன்கூட்டியே மூன்று நான்கு தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது. இது அவசியமா டாக்டர்? (குடியாத்தம் வாசகி)

அவசியம் அம்மா, ஒன்றைக்கூட விடாதீர்கள். மேலே ஓர் ஓரப் பகுதி சொன்னேனே, அங்கே இருக்கிற பி செல்கள் ஒரு தனி ரகம். நாட்ச்-2 என்ற புரதத்தின் சமிக்ஞை போய் ஜீன்களை இயக்கினால்தான் அந்த ரகமே உருவாகும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் மாதிரிக் கிருமிகள் சர்க்கரைச் சங்கிலியால் ஆன உறையைப் போர்த்திக்கொண்டு வரும், அந்த உறைக்கு எதிராக உடனே ஆன்டிபாடி விடுவது இந்தச் செல்கள். ரத்தத்தில் ஓடும் கிருமியைப் பிடித்து வடிகட்டுவதும் மண்ணீரல்தான். உறுப்பை எடுத்தால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும். அதனால்தான் ஊசியை அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும், மண்ணீரல் இருக்கும்போதே உடம்பு கற்றுக்கொள்ளட்டும் என்று. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸுக்கானது) ஆகியவை முக்கியம், ஃப்ளூ ஊசி வருஷா வருஷம். குழந்தையாக இருந்தபோது போட்ட அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள், எது பாக்கி என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

ஊசியைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது ஜுரம் வந்தாலும், அது ராத்திரி ரெண்டு மணியாக இருந்தாலும், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மண்ணீரல் இல்லாதவர்களுக்கு நிமோகாக்கஸ் ரத்தத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும். வீட்டில் வைத்துக்கொள்ள ஆன்டிபயாடிக் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், முதல் டோஸைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தினசரி பென்சிலின் எத்தனை வருஷம் என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்வார், நடுவில் நீங்களாக நிறுத்த வேண்டாம். பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து வையுங்கள். நாய் கடித்தாலும், லேசான பல் தடம்தான் என்றாலும், அன்றைக்கே காட்ட வேண்டும், வெறிநாய்க்கடி ஊசிக்காக மட்டும் இல்லை, நாயின் வாயில் இருக்கும் ஒரு பாக்டீரியா மண்ணீரல் இல்லாதவர்களை மோசமாகத் தாக்கும்.

மாணவர் தம்பிக்கு இன்னொன்று: டி.எல்.எக்ஸ்.1 என்ற ஒரே ஜீனை எடுத்துவிட்டால் எலி மண்ணீரல் இல்லாமலே பிறக்கிறது, மற்ற உறுப்புகளெல்லாம் இருக்கின்றன. இதுவும் 1994 சமாச்சாரம்தான், அந்த வருஷம் இந்தத் துறைக்கு நல்ல வருஷம்.

என் தம்பிக்கு 24 வயது. வருஷத்துக்கு ரெண்டு தடவை நிமோனியா, ஓயாத சைனஸ். கடைசியில் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி குறைவு, என்.எஃப்.கே.பி.1 ஜீனில் பழுது என்றார்கள். மாதாமாதம் ஊசி போட வேண்டுமாம். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கும் வருமா? எங்கள் அப்பா அம்மா சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? (திருப்பத்தூர் வாசகி)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சொந்தத்தில் கட்டியதால் வந்தது இல்லை. என்.எஃப்.கே.பி.1 என்பது மேலே சொன்ன பி50-ஐத் தருகிற ஜீன். நம்மிடம் ஒவ்வொரு ஜீனுக்கும் ரெண்டு பிரதி, இதில் ஒன்று கெட்டாலே புரதம் பாதியாகி நோய் வரக்கூடும். 2015-லிருந்து இப்படிப் பல குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பெரியவர்களுக்கு வருகிற ஆன்டிபாடிக் குறைவுக்கு ஒற்றை ஜீன் காரணம் என்று தேடினால் அடிக்கடி அகப்படுவது இதுதான். ரெல்-பி, நிக் மாதிரி ஜீன்களில் ரெண்டு பிரதியும் கெட்டால்தான் நோய் வரும், அங்கேதான் சொந்தத்தில் கட்டுவது உதைக்கும். உங்கள் அப்பா அம்மாவைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

பிள்ளைக்குப் போவதற்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் பழுதான ஜீன் இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை, வந்தாலும் ஒரே வீட்டில் ஒருவருக்குப் பத்து வயதில், இன்னொருவருக்கு நாற்பதில் என்று வரும், சிலருக்கு வரவே வராது. நீங்களும் ஒரு தடவை ஐ.ஜி.ஜி. அளவு பார்த்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டில் மறைக்காதீர்கள், மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போவதை எத்தனை நாள் ஒளித்து வைப்பீர்கள்? மரபணு ஆலோசனைக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து போய்விட்டு வரட்டும்.

அந்த ஊசி ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலின். ஐ.ஜி.ஜி. மூன்று வாரத்தில் பாதியாகக் கரைந்துவிடும், அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள். செலவு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் நிமோனியா குறையும், நுரையீரல் தப்பிக்கும். நன்றாகத்தானே இருக்கிறான் என்று ரெண்டு மாதம் விட்டுவிட்டால் திரும்பப் பழைய கதைதான். உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த தடுப்பூசி எதையும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

தினமும் சீந்தில் கஷாயம், நெல்லிக்காய் லேகியம், போதாததற்கு ஆன்லைனில் வாங்கிய இம்யூனிட்டி பவுடர் சாப்பிடுகிறேன். எதிர்ப்பு சக்தி ஏறியிருக்குமா? (ஆரணி, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பவுடர்காரருக்கு வருமானம் ஏறியிருக்கும் ஐயா. எதிர்ப்பு சக்தி என்பது ஒரே முள்ளில் ஏறி இறங்குகிற விஷயம் இல்லை, மேலே சொன்ன அத்தனை பேரும் அவரவர் நேரத்தில் ஆன் ஆகி அவரவர் நேரத்தில் ஆஃப் ஆக வேண்டும். என்.எஃப்.கப்பா பி அணையாமலே கிடந்தால் அது வலிமை இல்லை, தீராத அழற்சி, சில ரத்தப் புற்றுநோய்களில் நடப்பதும் அதுதான். நெல்லிக்காயைத் தின்னுங்கள், நல்லது. சீந்தில் கஷாயத்தைத் தினமும் குடித்துக் கல்லீரல் வீங்கி வந்தவர்கள் கொரோனா காலத்தில் நம் நாட்டிலேயே இருந்திருக்கிறார்கள், அதை நிறுத்திவிடுங்கள். உங்கள் வயதுக்கு நிமோகாக்கஸ் ஊசியும் ஃப்ளூ ஊசியும் போட்டீர்களா?

அதே சொட்டு மருந்து, அதே ரோட்டா மருந்து. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது, நம் குழந்தைகளுக்குக் குறைவாக என்கிறார்களே, மருந்தின் தரம் குறைவா? (சத்துவாச்சாரி வாசகர்)

தரம் இல்லை, குடல். இதைக் கண்டுபிடித்ததில் உங்கள் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970-களிலேயே போலியோ சொட்டு மருந்து மூன்று முறை கொடுத்தும் இங்கே நிறையக் குழந்தைகளுக்கு ஆன்டிபாடி வரவில்லை என்று காட்டினார். அவ்வளவு தடவை சொட்டு மருந்துக்கு நம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அதற்கு இது ஒரு காரணம். ரோட்டாவேக் என்ற ரோட்டா மருந்தை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்திலும் சேர்த்துச் சோதித்தார்கள், 2014-ல் வந்த முடிவுப்படி கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் வருஷத்தில் ஏறக்குறைய 56 சதவீதம் தடுத்தது. பணக்கார நாடுகளில் மற்ற ரோட்டா மருந்துகளுக்கு இதைவிட அதிகம் வந்திருக்கிறது. ஆனால் இங்கே நோய் அதிகம் என்பதால் 56-ம் நிறைய உயிரைக் காக்கும், அது போதும் என்றுதான் தேசியத் திட்டத்தில் சேர்த்தார்கள், சரியான முடிவு.

குடலில் என்ன நடக்கிறது? வாய்வழி மருந்தில் இருக்கும் வைரஸை உள்ளே எடுத்து பேயர் திட்டில் இருக்கிற செல்களிடம் சேர்ப்பது எம் செல் என்ற ஒரு ரகம். சாதாரணக் குடல் செல் எம் செல்லாக மாற ஜீன்களை இயக்கும் ஸ்பை-பி என்ற புரதம் வேண்டும். ஆனால் நம் குழந்தைகளுக்கு ஸ்பை-பி குறைவு என்று எழுதிவிடாதீர்கள், அப்படி நான் சொல்லவில்லை. அதே நேரத்தில் வயிற்றில் இருக்கும் மற்ற வைரஸ்களின் போட்டி, தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி, சுத்தமில்லாத தண்ணீரால் வருகிற ஓயாத குடல் அழற்சி என்று பல காரணங்கள் கூடிச் சேர்கின்றன.

நூறு நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிறேன். மூணு வாரத்தில் கம்போரோ வந்து கொஞ்சம் செத்தது. தப்பித்த குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டும் அந்த நோய் வந்துவிட்டது. ஊசி போலியா? (ஆற்காடு பக்கத்து வாசகர்)

போலியாக இருக்க வேண்டியதில்லை. செத்த குஞ்சை அறுத்தால் எச்சம் போடுகிற இடத்துக்கு மேலே முதுகுப் பக்கமாக ஒரு சின்னப் பை இருக்கும், அதற்கு ஃபேப்ரீசியஸ் பை என்று பெயர். கோழிக்கு பி செல்கள் தேறுவது அங்கேதான். கம்போரோ வைரஸ் நேராக அதைத்தான் தின்னும். முதலில் வீங்கியிருக்கும், சில சமயம் ரத்தம் கசிந்திருக்கும், அப்புறம் சுருங்கிவிடும். பை போன குஞ்சுக்கு நீங்கள் எந்த ஊசி போட்டாலும் ஆன்டிபாடி சரியாக வராது.

சொல்லப்போனால் இந்தப் பைக்கும் ஆன்டிபாடிக்கும் உள்ள தொடர்பு தெரியவந்ததே ஒரு தற்செயல். அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்பவர் பையை எடுத்துவிட்ட கோழிகளை வளர்த்துக்கொண்டிருந்தார், நண்பர் ஒருவர் மாணவர்களுக்கு ஆன்டிபாடி செய்முறை காட்ட அவற்றை வாங்கிப்போனார், பல கோழிகளில் ஆன்டிபாடியே வரவில்லை. 1956-ல் ஒரு கோழி வளர்ப்புப் பத்திரிகையில் அது வெளியானது. பி செல்லுக்கு அந்த எழுத்து வந்ததும் பர்ஸா என்ற இந்தப் பையின் பெயரிலிருந்துதான்.

அடுத்த தொகுதிக்கு கம்போரோ மருந்தை எந்த நாளில் கொடுப்பது என்று கால்நடை மருத்துவரைக் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள், தாய்க்கோழிக்கு ஊசி போட்டிருந்தால் நாள் கொஞ்சம் தள்ளும். குடிதண்ணீரில் கலந்து கொடுப்பதாக இருந்தால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம், கிணற்றுத் தண்ணீரில் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கொஞ்சம் கரைத்து அதில் மருந்தைக் கலந்து, குஞ்சுகளுக்கு முன்னாடியே கொஞ்ச நேரம் தாகம் காட்டி வைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் குடித்து முடிக்கிற அளவுக்கு வையுங்கள். பழைய எருவை ஷெட்டிலிருந்து முழுக்க வழித்துத் தூர எறிந்த பிறகுதான் புதுக் குஞ்சு விட வேண்டும், அந்த வைரஸ் ஷெட்டில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.